வீட்டிற்கு ஒரு விளையாட்டுப் பெட்டி வேண்டுமா?

இத்தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தைப் பற்றி எழுதித் தருவதாகவே நான் ஒப்புக்கொண்டிருந்தேன். குறிப்புகளும் எடுத்தாயிற்று. ஆயின் அவ்வாரத்திலேயே எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு வழக்கு, உமறுப்புலவரைச் சற்று ஒதுங்கியிருக்கச் செய்துவிட்டது. வழக்கின் பொருள் ஒரு வீடியோ விளையாட்டுக் கருவி. இளைஞர்கள் அதனைக் 'கன்சோல்' என்கின்றனர். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இதே கேள்வியை நாளை எழுப்புவர் என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் வீட்டிற்கு அடுத்த தெருவில் என் தமக்கையார் வசிக்கிறார். அவர்தம் கணவர் சிங்கப்பூரில் பணி செய்கிறார். தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் புதிய ஊர் அன்று. தஞ்சோங் பகார்ப் பகுதியில் பல தலைமுறைக்கு முன்னரே நம்மவர் குடியேறி, உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையே நடத்தியவர்கள். என் மைத்துனர் அவ்வழியில் பிற்காலத்தே சென்றவர். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை 30 நாள் விடுப்பில், பெரும்பாலும் குற்றாலச் சாரல் காலத்தில் ஊர் வருவார். அவர் மகன், அதாவது என் மருமகன், 8ஆம் வகுப்பு மாணவன்.

விடுப்புக்கு ஒரு மாதம் முன்பு மைத்துனரிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "மாப்பிள்ளை, உங்க மருமகனுக்குப் புது பிஎஸ்5 வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். நீங்க படிச்சவங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுறேன்." மாலையில் தமக்கையார் வந்தார். "அந்தக் காசுக்கு மாடித் தகரத்தை மாத்திடலாம் தம்பி. சாரல் விழுந்தா சட்டி வச்சு ஏந்துற வீட்டுல விளையாட்டுப் பெட்டியா?" என்றார். எங்கள் பெரியத்தா இவ்விரண்டையும் கேட்டுவிட்டு, விளையாட்டு என்பதே வீண்விரயம், இதில் ஆலோசனைக்கு என்ன இருக்கிறது என்று தீர்ப்பே கூறிவிட்டார். நான்காவதாக மருமகன் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். கோடு போட்ட நோட்டுத் தாளில், அக்கருவி ஏன் வேண்டும் என்பதற்கு 9 காரணங்களை எண்ணிட்டு எழுதியிருந்தான். ஒன்பதாவது காரணத்தை மட்டும் அடித்திருந்தான். நன்றாகவே அடித்திருந்ததால் படிக்க இயலவில்லை.

முதலில் பெரியத்தாவின் தீர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். வயதில் மூத்தவர் சொல்லைப் புறந்தள்ள மனம் வரவில்லை. ஆனால் உடன்படவும் முடியவில்லை. உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கென வகுத்த தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். பொருளுக்குக் கொடுத்த அதே இடத்தை ஆட்டத்துக்கும் கொடுத்திருக்கிறார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குரிய இறுதி மூன்றாகிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவையும், பெண்பாலுக்குரிய அம்மானையும் ஊசலும் குழந்தையின் ஆட்டங்களே. நம் புலவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதே பிள்ளைத்தமிழ் பாடியபோது அப்பருவங்களை ஒதுக்கிவிடவில்லை. அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்திருந்ததும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும் பெரியத்தா அறியாதவை அல்ல. ஆகவே விளையாட்டு வேண்டுமா என்பது கேள்வி அன்று. இந்த விளையாட்டு, இந்த விலைக்கு, இந்த வீட்டிற்கு வேண்டுமா என்பதே கேள்வி. வீண்விரயம் என்ற அவர் சொல் அந்த இடத்தில்தான் பொருந்துமா, பொருந்தாதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வட்டாரத்தில், சங்கரன்கோவிலில், 1902இல் பிறந்தவர் தேவநேயப் பாவாணர். அவர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்றொரு நூல் எழுதினார். சொல்லாராய்ச்சிப் பேரறிஞர் கிட்டிப்புள்ளையும் கோலியையும் பற்றி எழுத ஏன் நேரம் ஒதுக்கினார் என்று மாணவர் கேட்பதுண்டு. அவை மறைவதற்குள் எழுதி வைத்தார் என்பதே விடை. ஆட்டங்களைப் பகலாட்டு, இரவாட்டு என்றெல்லாம் அவர் பகுத்தார். இன்றைய கன்சோல் அவர் கையில் கிடைத்திருந்தால் இருபொழுதாட்டு என்ற தலைப்பின்கீழ் வைத்து, தாய்மார்களின் முறையீட்டையும் அடிக்குறிப்பில் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். வேடிக்கை ஒருபுறம் இருக்க, 2009இல் ஐதராபாத்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'தேசி அட்டா' என்னும் ஆட்டத் தொகுப்பு பிஎஸ்2 கருவிக்கு வெளிவந்தது. அதில் கபடியும் கில்லி தண்டாவும் இருந்தன. பாவாணர் எழுத்தில் பதித்த கிட்டிப்புள் 55 ஆண்டுகளில் தொலைக்காட்சித் திரைக்கு வந்துவிட்டது. திரையில் ஆடினால் புள் பட்டுக் கண் போகாது என்பது ஒன்றே அதன் தனி நன்மை.

என் இளமைக்காலம் இவ்வகையில் தூயதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களின் நடுவில் எங்கள் தெருவிற்கு ஒரு 'டிவி கேம்' வந்தது. ஜப்பானில் 1983இல் வெளிவந்த நின்டெண்டோ நிறுவனத்துக் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட எண்ணற்ற போலிகளுள் ஒன்று அது. பயணப் பெட்டியில் போர்வைக்குள் சுருட்டி வந்த அந்தப் பொருளை, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் இணைக்க ஓர் இரவு ஆயிற்று. 'கேசட்' என்று நாங்கள் அழைத்த பெட்டகத்தின் மேல் இலட்சக்கணக்கில் ஆட்டங்கள் உண்டு என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தவை 12. ஆனாலும் அந்த 12 ஆட்டங்களுக்குத் தெருவே கூடியது. தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும் என்பது சட்டம். மக்ரிப் பாங்கு ஒலித்ததும் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுவார் வீட்டுக்காரப் பெரியம்மா. அதற்கு மேல்முறையீடு கிடையாது. இன்று நினைத்துப் பார்க்கையில், அப்பெட்டியைக் காட்டிலும் அந்தப் பெரியம்மாவின் இருப்பே அதனைத் தீங்கற்றதாக வைத்திருந்தது என்று தோன்றுகிறது.

இனி விலைக்கு வருவோம். பிஎஸ்5 உலகச் சந்தைக்கு 2020 நவம்பரில் வந்தது. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2ஆம் நாள் விற்பனை தொடங்கியது. வட்டு செருகும் வகை 49,990 ரூபாய். வட்டு இல்லாமல் இணையத்திலிருந்தே ஆட்டங்களை இறக்கிக்கொள்ளும் வகை 39,990 ரூபாய். 2022 நவம்பரில் இவ்விரு விலைகளும் 5,000 ரூபாய் உயர்ந்தன. 2024 ஏப்ரலில் மெலிந்த வடிவம் வந்தபோதும் 54,990, 44,990 என்றே விலையிட்டனர். இது பெட்டியின் விலை. தந்தையும் மகனும் சேர்ந்து ஆட இரண்டாவது கைப்பொறி வேண்டும். அது வெளிவந்தபோது 5,990 ரூபாய். பெரிய நிறுவனத்தின் புதிய ஆட்டம் ஒன்று அப்போது 4,999 ரூபாய். அவ்விலைகளில் இரண்டு ஆட்டம் வாங்கினால் மொத்தம் 71 ஆயிரத்தைத் தொட்டுவிடும். இணையத்தின் வழியே பிறரோடு ஆட ஆண்டுக் கட்டணம் தனி.

கருவியை அடக்க விலைக்கும் குறைவாக விற்றுவிட்டு ஆட்டங்களில் ஆதாயம் தேடுவது இத்தொழிலில் அறியப்பட்ட முறை. 2006இல் வந்த பிஎஸ்3 அவ்வாறே நட்டத்துக்கு விற்கப்பட்டது. கைச்சவரப் பிடியை மலிவாகத் தந்து அலகை விலைக்கு விற்கும் வணிகத்தை நாம் அறிவோம் அல்லவா, அதே கணக்கு. எனவே, பெட்டியின் விலையைப் பார்த்து, 'ஒருமுறைச் செலவுதானே' என்று கூறுவோர் பிடியை மட்டுமே எண்ணுகின்றனர்.

பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்று அறிந்தோர் கூறுவர். முன்பு அது மெய். அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009இல் 99 டாலருக்குக் கிடைத்தது. இத்தலைமுறைக் கருவிகளோ வயது ஏற ஏற விலையும் ஏறும் விந்தையைக் காட்டியுள்ளன. இந்தியாவில் 2022இல் ஏறியதை மேலே சொன்னேன். அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். ஆகவே புதிய பொருளின் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது இப்போது உறுதியான உபாயம் அன்று. நான் கூறும் காத்திருப்பு வேறு: ஒரு தலைமுறை பின்தங்கியே நிற்பது.

இதற்கு அத்தொழிலின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோக்கோய் என்றொரு பொறிஞர் இருந்தார். புத்தம் புதிய நுட்பத்தைத் துரத்தாமல், பழகி மலிந்து வாடிப்போன நுட்பத்தைப் புதிய வகையில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989இல் வெளிவந்த 'கேம்பாய்' என்னும் கையடக்கக் கருவி அக்கொள்கையின் பிள்ளை. அதன் திரையில் வண்ணமே கிடையாது. அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத் திரையோடு 'கேம் கியர்' என்பதை இறக்கியது. அது 6 மின்கலங்களைச் சில மணி நேரத்தில் விழுங்கிற்று. கேம்பாய் 4 மின்கலங்களில் அதைப்போல் பலமடங்கு நேரம் ஓடிற்று. விற்பனையில், பின்வந்த வண்ண வடிவையும் சேர்த்து, கேம்பாய் 11 கோடியைத் தாண்டியது. கேம் கியர் 1 கோடி அளவில் நின்றது. பழையதைப் புதியது வெல்லும் என்பது எங்கும் விதியன்று.

பிஎஸ்4 கதையும் அதுவே. 2014 ஜனவரியில் இந்தியாவிற்கு 39,990 ரூபாய்க்கு வந்த கருவி அது. பிஎஸ்5 வந்த பின்னும் பல ஆண்டுகள் இரண்டிற்குமாகவே ஆட்டங்கள் வெளியாயின. 2022 மார்ச்சில் வந்த 'கிரான் டூரிஸ்மோ 7' என்ற மகிழுந்துப் பந்தயமும், 2024 செப்டம்பரில் வந்த 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 25' என்ற கால்பந்தாட்டமும் பழைய பெட்டியிலும் ஓடும். 2021இல் முண்டியடித்துப் புதியதை வாங்கியவர், அப்புதுமையின் பயனைப் பெருமளவு பெறாமலே சில ஆண்டுகளைக் கழித்தார் என்பதே உண்மை. 2025 ஜூன் 5ஆம் நாள் வெளிவந்த 'ஸ்விட்ச் 2' கருவி முதல் 4 நாள்களில் 35 இலட்சம் விற்றது. முதல் நாள் வரிசையில் நிற்பவனைக் குறை கூறவில்லை. அவன் பையில் பணமும், அவன் வீட்டு மாடியில் ஒழுகாத கூரையும் இருந்தால் சரி.

பெரியத்தாவின் கட்சியைச் சேர்ந்த நண்பர்கள் சிலர், பெட்டியே வேண்டாம், கைப்பேசியில் ஆடுவதே போதாதா என்கின்றனர். இதைத்தான் நான் அஞ்சுகிறேன். கைப்பேசி ஆட்டம் இலவசம் என்று வருகிறது. ஆனால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை விளம்பரம். அதைத் தாண்டினால் வாள் வாங்கு, உடை வாங்கு, உயிர் வாங்கு என்று பத்தும் ஐம்பதுமாகக் கேட்கிறது. ஆட்டத்துக்கு முடிவே வைக்கப்படுவதில்லை. எல்லாவற்றிலும் கொடியது, பணம் வைத்தாடும் சூதாட்டத்திற்கும் அதே கண்ணாடிச் சதுரம்தான் வாயில். தேர்வுக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணத்தைச் சீட்டாட்டச் செயலி ஒன்றில் இழந்துவிட்டு, இரண்டு நாள் வகுப்பிற்கே வராமல் இருந்த ஒரு மாணவனை நானறிவேன். அவன் வீட்டில் எந்தப் பெட்டியும் இல்லை. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம், ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதாவைப் பேரவை மீண்டும் நிறைவேற்றிய பின்னர், 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கவும் செய்கிறது என்பதைப் பெரியோர் கவனிக்க வேண்டும். சட்டம் வேறுபடுத்திப் பார்க்கும் இரண்டை நாம் ஒன்றாகக் கட்டி வெறுக்கிறோம்.

முழுத்தடை பயன் தருமா என்பதற்குச் சீனம் தக்க எடுத்துக்காட்டு. 2000இல் சீன அரசு, பிள்ளைகளின் நலனைக் காரணம் காட்டி, கன்சோல் விற்பனையையே தடை செய்தது. 2014இல் தளர்த்தி, 2015இல் முழுவதுமாக நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சீனப் பிள்ளைகள் ஆடாமல் இருந்தனரா? இணைய நிலையங்களில் கணினி முன் அமர்ந்து இரவெல்லாம் ஆடினர். பின்பு கைப்பேசிக்கு மாறினர். 2021இல் அவ்வரசே மீண்டும் வந்து, 18 வயதுக்குட்பட்டோர் இணைய ஆட்டத்தை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம் என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. முன்வாசலில் பூட்டிய பெட்டி கொல்லைப்புறம் வழியே வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் ஆட்ட அடிமைநிலையை நோய்ப் பட்டியலில் சேர்த்ததும், அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும் மெய்யே. அவ்வரையறையில் மணிக்கணக்கு இல்லை. கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தை வைத்தல், கேடு கண்டும் தொடர்தல் ஆகியவையே உள்ளன. கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, தொலைக்காட்சியோடு பிணைத்து வைத்த பெட்டியில் இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசியில் அரிது.

தமிழ்த்துறை மாணவர்களுக்கென்றே ஒரு செய்தி. 2023 ஜூலையில் 'வெண்பா' என்னும் பெயரில் ஓர் ஆட்டம் வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ நகரத்தில் இருந்து ஒரு சிறு குழு உருவாக்கியது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவிற்குச் சென்ற வெண்பா என்ற தாயும், அவள் கணவன் பாவலனும், மகன் கவினும் கதைமாந்தர். சுடுவதோ வெட்டுவதோ இல்லை. தாய் கொண்டுவந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கின்றன. விடுபட்டதை ஊகித்து இட்டிலியும் புட்டும் செய்ய வேண்டும், அவ்வளவே. இடையிடையே, மகன் தமிழைவிட்டு விலகுவதும், தாய் மௌனமாவதும் நிகழ்கின்றன. முன்னாள் மாணவர் ஒருவர் தம் கணினியில் இதனை எனக்குக் காட்டினார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இட்டிலித் தட்டை அடுக்குவதில் நான் இருமுறை தவறினேன் என்பதை என் மனைவியிடம் கூறவில்லை. 2024இல் பிரித்தானியத் திரைப்படக் கலைக்கழகம் வழங்கும் பாஃப்டா விளையாட்டு விருதுகளில், சிறந்த முதற்படைப்பு என்ற பரிசு இதற்குக் கிடைத்தது. புலம்பெயர் இலக்கியம் என்று நாம் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் பொருளையே இது வேறொரு கருவியால் சொல்கிறது. ஆயின் இதற்கும் புதிய கன்சோல் வேண்டியதில்லை. எளிய கணினி போதும். வாங்கச் சொல்வதற்கும் வேண்டாமென்பதற்கும் இதே சான்று உதவுவதைப் பாருங்கள்.

எங்களூரைப் போன்ற சிற்றூர்களுக்கென்று சில நடைமுறைத் தடைகள் உள்ளன. நகரத்துக் கடைக்காரர் இவற்றைச் சொல்வதில்லை. இன்றைய பெரிய ஆட்டம் ஒன்று 100 ஜிபி வரை இடம் கொள்கிறது. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பினால், ஓர் ஆட்டம் இறங்க 50 நாள் ஆகும். மைத்துனரின் விடுப்போ 30 நாள். ஆகவே கம்பிவழி இணைய இணைப்பு இல்லாத வீட்டில், விலை குறைவு என்பதற்காக வட்டில்லாத வகையை வாங்குவது பேதைமை. வட்டுக்கு வேறொரு பெருமையும் உண்டு. ஆடி முடித்ததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரவல் தரலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். இணையத்தில் வாங்கியது வாங்கியவனின் கணக்கோடு கட்டுண்டு கிடக்கும். புத்தகத்தை இரவல் வாங்கியே படித்து வளர்ந்த எனக்கு, கைமாற்ற முடியாத பொருளை என்னுடையது என்று அழைக்க நா எழவில்லை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதிலும் கணக்கு உண்டு. உத்தரவாதம் பொதுவாக வாங்கிய நாட்டிலேயே செல்லும். இங்கே பழுதானால் நம் செலவு. சுங்கத்தில் வரியின்றிக் கொண்டுவரும் பொருள்களுக்கு வரம்பு உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளில் அது 50,000 ரூபாய். அதில் பெட்டி ஒன்றே இடத்தை நிரப்பிவிட்டால், வீட்டாருக்கு வரும் மற்றவை என்ன ஆவது?

தவணையைப் பற்றியும் கூறியாக வேண்டும், ஏனெனில் நம் குடும்பங்களில் வட்டி என்ற சொல்லுக்கு அஞ்சுவோர் மிகுதி. 'வட்டியில்லாத் தவணை' என்று விளம்பரம் வருகிறது. 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, சுழிய விழுக்காட்டு வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்றும் பெரும்பாலான இத்தகைய திட்டங்களில் வங்கி வட்டியைக் கணக்கிடவே செய்கிறது. அத்தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகக் காட்டுகிறார். வட்டிப் பகுதிமீது சரக்கு சேவை வரியும் விழுகிறது. இது ஆகுமா ஆகாதா என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் கருத்து எளியது: விளையாட்டுப் பொருளைக் கடனில் வாங்கக் கூடாது. ஆட்டம் சலித்த பின்னும் தவணை சலிக்காது.

இவ்வளவும் திரட்டியபின், தீர்ப்புக் கூறுமுன் ஒருமுறை ஆடிப் பார்த்தாலென்ன என்று தோன்றிற்று. வெண்பாவைக் காட்டிய அதே முன்னாள் மாணவரின் கடையநல்லூர் வீட்டில் பழைய பிஎஸ்4 இருந்தது. ஆடித் திங்களின் ஒரு வெள்ளி மாலை மருமகனை அழைத்துக்கொண்டு போனேன். சாலையின் இருபுறமும் சூரியகாந்தி பூத்திருந்தது. 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் கதைத்தலைவியை எங்களூர்ப் பெண்ணாகப் படைத்தது முதல் எங்களூருக்கு ஒரு பெயர். இப்போது பூக்காலம் வந்தால் கேரளத்து மகிழுந்துகள் வரப்போரம் நின்று படமெடுக்கின்றன. மருமகன் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. கால்பந்தாட்டத்தில் என்னை 7க்கு 0 என்று வென்றான். எனக்குக் கைப்பொறியின் எந்தப் பொத்தான் உதைப்பது, எந்தப் பொத்தான் ஓடுவது என்று தெளிவதற்குள் ஆட்டம் முடிந்தது. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அவன் என்னோடு பேசியது, முந்தைய ஆறு மாதங்களில் பேசியதைவிட மிகுதி.

திரும்பும் வழியில், அடித்துவிட்ட ஒன்பதாவது காரணம் யாது என்று கேட்டேன். சற்று நேரம் கழித்துச் சொன்னான். "அத்தா லீவுக்கு வந்தா எல்லார் வீட்டுக்கும் போயிட்டே இருப்பாங்க மாமா. இது இருந்தா வீட்டுல உக்காருவாங்க."

இதனை மைத்துனருக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். புதிய பெட்டி வேண்டாம். வட்டு செருகும் பழையது ஒன்று போதும். இரண்டாவது கைப்பொறி மட்டும் கட்டாயம் வேண்டும் என்றும் சேர்த்தேன். வயதுக் குறியீடு பார்க்குமாறும் சொன்னேன். ஐரோப்பிய முறையில் 3, 7, 12, 16, 18 என்று உறையிலேயே அச்சிட்டிருப்பர். திரைப்படத்துக்குச் சான்றிதழ் பார்ப்போர் இதைப் பார்ப்பதில்லை. வங்கி அட்டையின் எண்ணைக் கருவியில் பதிந்து வைக்கக் கூடாது என்பது கடைசி வரி. "சரி மாப்பிள்ளை" என்று மட்டும் பதில் வந்தது.

மலர் வெளிவரத் தாமதமானதால் வழக்கின் முடிவையும் எழுத வாய்த்தது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவரிடமிருந்து, இரண்டு கைப்பொறிகளும் நான்கு வட்டுகளும் சேர்த்து, 15,000 ரூபாய்க்குப் பழைய பிஎஸ்4 வாங்கினோம். மைத்துனர் ஒதுக்கிய தொகையின் எஞ்சிய பகுதியில் மாடித் தகரம் மாற்றப்பட்டது. ஆணி அறையும் ஓசையில் ஆட்டத்தின் ஒலி கேட்கவில்லை என்று மருமகன் முறையிட்டான். மைத்துனர் விருந்துகளுக்குப் போகாமல் இல்லை; ஆனால் இஷாவிற்குப் பின் ஒரு மணி நேரம் வீட்டில் இருந்தார். மகனிடம் என்னைப் போலவே தோற்றார், ஆயினும் 7 கோல் வாங்கவில்லை. பெரியத்தா ஒருநாள் வந்து நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டு, நடுவர் கொடுத்த தண்டனை உதை தவறு என்று வாதிட்டார். அக்கருவியில் மேல்முறையீடு கிடையாது என்று விளக்க வேண்டியதாயிற்று.

விடுப்பு முடிந்து அவர் திரும்பிச் சென்றார். தமக்கையார் பெட்டியின் மேல் ஒரு துணி போர்த்தி வைத்திருக்கிறார். வெள்ளியும் சனியும் மாலையில் துணி எடுக்கப்படும். பக்கத்து வீட்டு விவசாயியின் மகன் இரண்டாவது கைப்பொறிக்கு உரியவன். மக்ரிப் பாங்கு ஒலித்ததும் இணைப்பைப் பிடுங்குவதற்குத் தமக்கையார் இருக்கிறார். அடுத்த விடுப்பு வருவதற்குள் பிஎஸ்6 வந்துவிடும் என்று மருமகன் இப்போதே என் காதில் போட்டு வைத்திருக்கிறான். நாட்டுப் படலக் கட்டுரையை அடுத்த மலருக்குத் தருவதாக மலர்க் குழுவினரிடம் கூறியிருக்கிறேன்.